பறையும் பட்டமும்

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இசைக் கலைஞரும் மனித உரிமைத் தொண்டும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசலாம். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசலாம். இசையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இத்தலைப்பு காரணமின்றிக் கொடுக்கப்பட்டதன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் சங்கத்தின் மாலைப் பயிற்சி நிலையத்தில் பறைக் குழு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று இளைஞர்கள் விண்ணப்பம் கொடுத்துள்ளனர். அதனை எதிர்த்து மூத்த உறுப்பினர் பலர் கையொப்பமிட்டு மற்றொரு விண்ணப்பம் கொடுத்துள்ளனர். இரண்டு தாள்களும் செயலாளர் அவர்களின் கோப்பில் உள்ளன. இரு திறத்தாரும் நம்மவரே. இரு திறத்தாரும் மானத்தையே காரணமாகக் காட்டுகின்றனர். இவ்வழக்கை மனத்தில் இருத்தி, ஓர் இசைக் கலைஞரின் வாழ்க்கையை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். அவர் முனைவர் கே. ஏ. குணசேகரன்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், நம் பெரியோர்களின் பக்கத்து நியாயத்தை இளைஞர்கள் உணர்தல் வேண்டும். அவர்கள் பறையை வெறுத்தவர்கள் அல்லர். பறையோடு சேர்த்துத் தங்கள் தலைமேல் வைக்கப்பட்ட கட்டாயத்தை வெறுத்தவர்கள். ஊரில் ஒருவர் இறந்தால், நடவோ அறுப்போ எதுவாயினும் விட்டுவிட்டு, அழைத்த வேளையில் போய் நிற்க வேண்டும். பிணம் எடுக்கும் வரையில் தெருவோரத்தில் நின்று அடிக்க வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னது கொடு என்று கேட்கலாகாது. தந்தை அடித்தார் என்பதற்காக மகனும் அடிக்க வேண்டும். இதற்குக் கலை என்று பெயரா? இதற்குப் பெயர் வெட்டி வேலை. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிப் பறையைக் கீழே வைத்த நாளில் எத்தனை குடும்பங்களுக்கு ஊர்க்கூலி நின்றது, எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதை முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வாறு மறுத்தவர்கள் நம் பெரியோர் மட்டும் அல்லர். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரில் கூடிய மாநாட்டில், செத்த மாட்டை இழுப்பதையும் அதன் இறைச்சியை உண்பதையும் விட்டொழிக்குமாறு அண்ணல் அம்பேத்கர் தம் மக்களை வேண்டினார். நம் தமிழகத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதியில் பெரியவர் எல். இளையபெருமாள், சாவுக்குப் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்த வேண்டும் என்று நெடுநாள் போராடினார். தீண்டாமை குறித்து ஆராய்ந்து 1969-இல் மத்திய அரசிடம் அறிக்கை அளித்த குழுவின் தலைவரும் அவரே. 1950ஆம் ஆண்டு சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் உறுப்பு கூலியில்லாக் கட்டாய வேலையைத் தடை செய்தது. ஆகவே பறையைக் கீழே வைத்த நம் பெரியோர்கள், அந்த உறுப்புகளைப் படிக்காமலேயே அவற்றைச் செயற்படுத்தியவர்கள் ஆவர். அவர்களுடைய மறுப்பே இந்தச் சங்கத்திற்குக் கடைக்கால் என்றால் அது மிகையன்று.

இனி, குணசேகரனிடம் வருவோம்.

அவர் 1955ஆம் ஆண்டு மே 12-இல், இன்றைய சிவகங்கை மாவட்டத்து இளையான்குடிக்கு அருகில் உள்ள மாரந்தை என்னும் சிற்றூரில், ஒடுக்கப்பட்ட குடியொன்றில் பிறந்தார். வறண்ட மண், வறண்ட வாழ்க்கை. ஆயினும் ஏற்றம் இறைப்போரும், நாற்று நடுவோரும், தாலாட்டுவோரும், ஒப்பாரி வைப்போரும் பாடிய பாட்டுகள் அவ்வூர்களில் வறளவில்லை. அவற்றைக் கேட்டே அவர் வளர்ந்தார். இளமைக் காலத்தை அவரே "வடு" என்னும் தன்வரலாற்று நூலில் எழுதியுள்ளார். 2005-இல் வெளிவந்த அந்நூல், பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. சாதி இந்துக்கள் மிகுந்த ஊர்களில் தாம் பட்ட இழிவையும், இசுலாமியப் பெருமக்கள் வாழ்ந்த இளையான்குடிப் பக்கத்தில் மனிதனாக நடத்தப்பட்டதையும் அதில் அருகருகே வைத்துக் காட்டுகிறார். ஒரே வானம், ஒரே வெயில். சில கல் தொலைவில் மனிதனின் மதிப்பு மாறுகிறது. தீண்டாமை இயற்கையன்று, மனிதர் செய்தது. மனிதரால் மாற்றக்கூடியது என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது.

அந்நூலுக்கு அவர் வைத்த பெயரை நோக்குங்கள். வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். புண் ஆறிவிட்டது; ஆனால் மறைக்கப்படவில்லை. நம் தலைமுறையில் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு இச்சொல்லின் பொருள் விளங்கும். கல்வி உதவித்தொகைப் படிவம் வரும் நாளில், சாதிப் பெயரைச் சொல்லி அழைத்து வகுப்பறையில் எழுந்து நிற்கச் செய்த காலம் ஒன்று இருந்தது. பணம் கிடைத்தது, தலை குனிந்தது. அந்நாளில் நம்முள் பலர் அதனை மறக்கவே விரும்பினோம். குணசேகரன் மறக்க விரும்பவில்லை. அதனைப் பாட விரும்பினார்.

பாடுவதற்கு அவர் முதலில் படித்தார். இதனை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நாட்டார் கலைகளை முறையாக ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாசு சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக அமர்ந்தார். பின்னாளில் சென்னைத் தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். எந்தப் பாட்டைச் சேரிப் பாட்டு என்று ஊர் ஒதுக்கியதோ, அதனையே பல்கலைக்கழக வகுப்பறைக்குள் பாடமாகக் கொண்டு சென்றார். நாற்காலி கிடைத்ததும் பாட்டை விட்டாரா? இல்லை. "தன்னானே" என்னும் கலைக்குழுவை நடத்தினார். முற்போக்கு இலக்கிய மேடைகளிலும், தலித் இயக்க மேடைகளிலும், தெருமுனைகளிலும் நின்று உரத்த குரலில் பாடினார். நாட்டார் பாட்டின் மெட்டு. அதனுள்ளே கூலியும், நிலமும், மானமும், பெண்ணின் துயரமும். கேட்போர் கைதட்டிவிட்டுக் கலைந்து போகாமல், வீட்டிற்குச் சென்றும் சிந்திக்கும்படி பாடினார்.

அவர் பாடிய பாட்டுகளுள் தமிழ்நாடெங்கும் பரவியது "மனுசங்கடா" என்பது. அதனை எழுதியவர் கவிஞர் இன்குலாப். சாகுல் அமீது என்னும் இயற்பெயர் கொண்ட அவர், கீழக்கரையில் பிறந்து சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். கீழ்வெண்மணியின் நினைவு நாள்களிலும், ஒடுக்கப்பட்டோர் கூடும் களங்களிலும் இப்பாட்டு ஒலிக்கத் தவறுவதில்லை. 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதையும், குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் பின்னர் உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். நீதிமன்றம் முடித்துவைத்த வழக்கைப் பாட்டு முடித்துவைக்கவில்லை. ஆண்டுதோறும் மக்கள் மன்றத்தில் அது மறுவிசாரணைக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அப்பாட்டின் பெயரை மட்டும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் மனிதர்கள் என்னும் ஒரே செய்திதான் அதில் உள்ளது. 1948ஆம் ஆண்டு திசம்பர் 10ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்பு, மனிதப் பிறவியினர் யாவரும் சுதந்திரமாகவும் மதிப்பிலும் உரிமையிலும் சமமாகவும் பிறக்கின்றனர் என்னும் கருத்தை நிலைநாட்டுகிறது. பன்னாட்டு அறிஞர்கள் பல நாள் கூடி விவாதித்து எழுதியதை, இன்குலாப் நம் வயல்வெளித் தமிழில் ஒரே சொல்லாக்கினார். குணசேகரன் அதற்குக் குரல் கொடுத்தார். 2017-இல் அம்சன் குமார் இயக்கிய திரைப்படம் ஒன்றும் இப்பெயரையே தாங்கியது. இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதை வழியே கொண்டுசெல்லும் உரிமைக்காக ஒரு தலித் இளைஞன் போராடுவதே அதன் கதை. அவ்விளைஞன் நகரத்தில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன் என்பதை இவ்வட்டாரத்து இளைஞர்கள் கருத்திற்கொள்வது நலம். சீருடையும் அடையாள அட்டையும் ஊர் எல்லையோடு நின்றுவிடும் நிலை இன்னும் முற்றிலும் மாறிவிடவில்லை.

பாட்டோடு அவர் நிற்கவில்லை. அவர் எழுதிய "பலி ஆடுகள்" தமிழில் தோன்றிய தொடக்ககாலத் தலித் நாடகங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. 2016ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் 60ஆம் வயதில் புதுவையில் அவர் மறைந்தார். அதே ஆண்டு திசம்பரில் இன்குலாபும் மறைந்தார். எழுதியவரும் பாடியவரும் ஓராண்டிற்குள் சென்றனர், பாட்டு இருக்கிறது.

இங்கே நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "பட்டம் பெற்ற பேராசிரியர் பறையோடு பாடினால் கலை என்பார்கள், நம் பிள்ளை அடித்தால் சாதி என்பார்கள்" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நாம் சற்றுக் கடல் கடந்து செல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பால் ராப்சன் என்னும் கறுப்பினப் பாடகர் ஒருவர் இருந்தார். 1898-இல் பிறந்தவர். அவருடைய தந்தையார் அடிமையாகப் பிறந்து, இளவயதில் தப்பியோடி விடுதலை பெற்றவர். மகனோ கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1923-இல் சட்டப் பட்டம் பெற்றார். அடிமைகள் பருத்திக் காட்டிலும் வழிபாட்டிலும் பாடிய ஆன்மிகப் பாடல்கள் அந்நாளில் படித்த கறுப்பினத்தவர் சிலருக்கே கூச்சத்தைத் தந்தன; அடிமைக் காலத்தை நினைவூட்டுவானேன் என்று கருதினர். நம் பெரியோர் பறையைப் பற்றி எண்ணுவது போன்றதே அதுவும். ஆனால் ராப்சன் 1925-இல் நியூயார்க்கு நகர மேடையில் நின்று, நிகழ்ச்சி முழுவதையும் தம் மக்களின் பாடல்களாலேயே நிறைத்தார். தோட்ட முதலாளி கேட்பதற்காக அவர் பாடவில்லை. தம் மூதாதையரின் துயரத்தை உலகம் அறிவதற்காகப் பாடினார். பாட்டு மாறவில்லை, பாடுபவன் நிற்கும் இடம் மாறியது.

அத்தொண்டிற்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. கறுப்பின மக்கள்மீது நிகழ்ந்த கொடுமைகளைத் தொகுத்து ஐக்கிய நாடுகள் அவையிடம் 1951-இல் விண்ணப்பம் அளித்தவர்களுள் அவர் ஒருவர். அமெரிக்க அரசு 1950-இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1958 வரையில் திருப்பித் தரவில்லை. அவர் ஓய்ந்தாரா? 1952-இல் கனடா நாட்டு எல்லைக்கோட்டருகே ஒரு சரக்குந்தின்மேல் நின்று, அப்பால் கூடியிருந்த மக்களும் கேட்கும்படி பாடினார். 1957-இல் வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் விழாவிற்குத் தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். கால்களைக் கட்டினார்கள், குரலைக் கட்ட முடியவில்லை.

ஆகவே, அன்புக்குரியோரே, இழிவு தோலில் இல்லை, கொம்பிலும் இல்லை. வேப்ப மரக் கட்டை மூன்று வில்களாக இணைக்கப்பட்டு, மாட்டுத் தோல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்டு, தீயில் காய்ச்சப்பட்டுப் பறை பிறக்கிறது. மிருதங்கத்திற்கும் மாட்டுத் தோல்தான் பயன்படுகிறது. மிருதங்கம் செய்யும் தலித் கைவினைஞர்களின் வரலாற்றைக் கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் நூலாக எழுதினார். அவர் பிறந்தது மறுபக்கத்துச் சமூகத்தில். எனினும் தம் இசையின் அடியில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று கேட்டார். ஒரே தோல் சபையில் ஏறினால் பெருமை, சேரியில் முழங்கினால் இழிவு என்றால், குற்றம் தோலினுடையதா, சாதியினுடையதா?

பறைதல் என்பதற்குச் சொல்லுதல் என்பதே பொருள் என்று தமிழாசிரியர்கள் நமக்குக் கற்பித்துள்ளனர். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்தார். பறை முழக்குவோர் குடி, புறநானூற்றில் சிறந்த குடிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. இப்பெருமையை நாம் அறிதல் வேண்டும். ஆனால் பழம்பெருமை மட்டும் நம்மைக் காப்பாற்றாது. புறநானூறு சிறப்பித்த குடியைத்தான் பின்வந்த சமூகம் தெருவோரத்தில் நிறுத்தியது. ஆதலால் பறையின் மானத்தைக் காப்பது பழைய ஏடு அன்று. அதனை எடுக்கவும் வைக்கவும் நமக்குள்ள உரிமையே ஆகும்.

நாம் சொல்ல வந்த கருத்தின் உயிர்நிலை இதுதான். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இல்லாதவன் அடிக்கும் பறை, அடிமையின் பறை. மறுக்கும் உரிமையைப் போராடிப் பெற்றவன், தன் விருப்பத்தால், தான் சொல்ல விரும்பும் செய்திக்காக முழக்கும் பறை, உரிமையின் பறை. முதலாவதை ஒழித்தவர்கள் நம் பெரியோர். அவர்கள் ஒழித்ததனால்தான் இரண்டாவதை இளைஞர்கள் கேட்க முடிகிறது. இரண்டு விண்ணப்பங்களும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பறைக்கு அடிக்குச்சி, சுண்டுக்குச்சி என இரண்டு உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் தாளம் நிறைவதில்லை. மனித உரிமைப் பிரகடனத்தின் 4ஆம் உறுப்பு எவரையும் அடிமையாக வைத்தலாகாது என்கிறது. 27ஆம் உறுப்பு தம் சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்வில் தடையின்றிப் பங்குகொள்ளும் உரிமை யாவர்க்கும் உண்டு என்கிறது. பெரியோர்கள் கையொப்பமிட்டது 4ஆம் உறுப்பு. இளைஞர்கள் கையொப்பமிட்டது 27ஆம் உறுப்பு.

எனினும் இளைஞர்களுக்குச் சில நிபந்தனைகளை விதிக்க விரும்புகிறோம். ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள் நிபந்தனையின்றி எதற்கும் இசைவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலாவது: நம் சங்கத்தின் பறை, எந்த ஊராருடைய சாவுக்கும் சாதிக் கடமையாகச் செல்லலாகாது. குடிக் கடமை என்று யார் அழைத்தாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், விடை ஒன்றே: வரமாட்டோம். இதனை எழுதி, பயிற்சி நிலையத்தின் சுவரில் மாட்ட வேண்டும். நம் வீட்டார் ஒருவர் மறைந்தால் அன்பினால் முழக்குவது வேறு. அது அக்குடும்பத்தார் விருப்பம்.

இரண்டாவது: நிகழ்ச்சிக்கு அழைப்போர் முன்கூட்டியே ஊதியம் பேசி, கலைஞர்களுக்கு மேடையும் இருக்கையும் உணவும் மற்ற விருந்தினர்களுக்குக் கொடுப்பது போலவே கொடுக்க வேண்டும். மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர் வேலு ஆசான் பல்லாண்டுகள் பறையைக் கற்றுக் கொடுத்து, 2025-இல் பத்மசிறீ விருது பெற்றார். பறைக் கலைஞருக்கு நாடே மரியாதை செய்யும்போது, ஊர் விழாக் குழு செய்யத் தயங்குவானேன்?

மூன்றாவது: பெண்களும் குழுவில் இருத்தல் வேண்டும். பறை ஆண்களுக்கே உரியது என்னும் வழக்கத்தை, திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவின் தலித் இளம்பெண்கள் உடைத்துக் காட்டினர். நம் தொழிற்சாலைகளில் ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று பொருத்துகிறார்கள். பயிற்சி நிலையத்தில் மட்டும் நம் பெண்மக்கள் கதவோரம் நின்று பார்ப்பதா?

நான்காவது, தலைமையாசிரியர் என்ற முறையில் வற்புறுத்திச் சொல்வது: படிப்புக் குறையலாகாது. பள்ளிப் பாடத்திலோ தொழிற்பயிற்சித் தேர்விலோ நிலுவை வைத்திருப்பவர், அதனை எழுதித் தேறும் வரையில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் பயிற்சிக்கு வரலாம். குணசேகரனிடம் ஒரு கையில் பட்டமும் மறு கையில் பாட்டும் இருந்தன. ராப்சனிடமும் அவ்வாறே இருந்தன. பட்டம் இல்லாத பாட்டை உலகம் இகழ்ந்து ஒதுக்கிவிடும். பாட்டு இல்லாத பட்டம் தன் மக்களையே ஒதுக்கிவிடும். இரண்டு கேடுகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இனி, அக்குழு எதனைப் பாடுவது? திரைப்பாட்டைப் பறையில் அடிப்பது போதுமா? குணசேகரன் தம் மண்ணின் துயரத்தைப் பாடினார். நம் மண்ணிலும் பாடுபொருளுக்குப் பஞ்சமில்லை. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் நம் கண்முன்னே மாறிப்போயின. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த இடங்களில் இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனத் தொழிற்பேட்டைகள் எழுந்தன. உந்து வண்டிகளும் கைப்பேசிகளும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. அது பெரும் பேறுதான். ஆனால் 2006-இல் இங்குத் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையோடு வீடு திரும்பியதையும் கண்டோம். நிலையான வேலை எது, ஒப்பந்த வேலை எது என்பதை அன்று பலரும் கற்றுக்கொண்டனர்.

2021ஆம் ஆண்டு திசம்பரில், விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்று மருத்துவமனை சேர்ந்தபோது, அவர்களுடைய நிலை என்ன என்று கேட்டு இளம்பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். எந்தத் தலைவரும் அழைத்து அவர்கள் வரவில்லை. ஒருத்திக்காக மற்றொருத்தி வந்தாள். 2024ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் அங்கீகாரத்திற்காக ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். 2025 சனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19ஆம் உறுப்பில் உள்ளது. இவையெல்லாம் நம் தெருவின் செய்திகள். செய்தித்தாள் ஒரு வாரத்தில் மறந்துவிடும். பாட்டு மறக்காது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் நம் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கையால்தான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. அந்த நிலங்களை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டிற்கு ஜான் தாமசு, ஏழுமலை ஆகிய இருவர் பலியாயினர். நாம் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த இருவருடைய பெயர்களை இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? பாடநூலில் இல்லை. பாட்டிலாவது இருக்க வேண்டாமா? கீழ்வெண்மணியைத் தமிழ்நாடு மறவாமல் இருப்பதற்குப் பாட்டும் ஒரு காரணம். காரணையை நாம் மறந்ததற்கு அதனைப் பாட நம்மிடம் ஆள் இல்லாமையும் ஒரு காரணம்.

மனித உரிமைத் தொண்டு என்றால் வழக்கறிஞருக்கும் தலைவருக்கும் மட்டுமே உரியது என்று எண்ணவேண்டாம். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதாடுவார், ஆசிரியர் எழுத்தறிவிப்பார், தொழிற்சங்கத்தார் கூலி கேட்பார். ஆனால் அஞ்சி வீட்டிற்குள் இருப்பவனை வாசலுக்கு அழைத்து வருவது பாட்டு. தன் துன்பம் தனக்கு மட்டும் உரியதன்று என்று ஒருவன் முதன்முதலாக உணர்வது பாட்டைக் கேட்கும்போதுதான். குணசேகரன் செய்த தொண்டு அதுவே.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பறையைக் கீழே வைத்த வரலாற்றை, யார் முதலில் மறுத்தார், யார் வீட்டிற்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது, யார் ஊரைவிட்டுப் போனார் என்பதையெல்லாம் இந்த இளைஞர்களிடம் விரிவாகச் சொல்லுங்கள். இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் குழு கட்டும் முதற்பாட்டு அந்த மறுப்பைப் பற்றியதாக இருக்கட்டும். எங்கள் பெரியோர் அடிக்க மறுத்தனர் என்பதைப் பறையடித்தே சொல்லுங்கள். அதனைக் கேட்டபின்னும் மூத்தவர்களின் மனம் இசையவில்லையாயின், அவர்களுடைய சொல்லை மதித்துக் காத்திருங்கள், காத்திருக்கையில் படியுங்கள்.

முடிவு செய்ய வேண்டியது சங்கத்தின் பொதுக்குழு, நாம் அல்லோம். நம் கருத்தை எடுத்துரைத்தோம். இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே தீர்மானமாக எழுத இடமுண்டு என்பதே நம் நம்பிக்கை. வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் பொன்விழாக் காணும்போது, இன்று இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களுள் ஒருவர் பட்டமும் பெற்று, பாட்டும் கட்டி, இம்மேடையில் நின்று பேசுவாராக.